வாதவூரர் வாசகமும் புடாபெஸ்ட் வாத்தியக் குழுவும்

2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் வெளியிடப்பட்ட இளையராஜாவின் திருவாசக இசைத்தட்டு, தமிழில் திரைப்படத்துக்கு வெளியே உருவான இசைப் படைப்புகளுள் மிகுதியாகப் பேசப்பட்ட ஒன்று. எனினும் பேசப்பட்ட அளவுக்கு அது ஊன்றிக் கேட்கப்பட்டதா என்பது ஐயத்துக்கு உரியது. வெளியீட்டை ஒட்டி எழுந்த விவாதங்களுள் பெரும்பகுதி, அது சிம்பொனிதானா, ஓதுவார் மரபுக்கு அதனால் நன்மையா தீங்கா, அதன் பின்னால் நின்றோர் யார் என்னும் வினாக்களிலேயே செலவாயிற்று. 51 பகுதிகள் கொண்ட ஒரு நூலிலிருந்து ஆறு பகுதிகளை மட்டும் எடுத்து, நூலின் வைப்புமுறையைக் கலைத்து, ஓர் இசையமைப்பாளர் புதிய வரிசையில் நிறுத்தியிருக்கிறார் என்பதும், அவ்வரிசையே திருவாசகத்துக்கு எழுதப்பட்ட ஓர் உரையாக நிற்கிறது என்பதும் அப்போது அதிகம் கவனிக்கப்படவில்லை. திருவாசகத்தைப் பாடியவரும் வாதவூரர் எனப்படுபவருமான மாணிக்கவாசகர் பிறந்த ஊரில் நிகழ்த்தப்படும் இவ்வுரை, அந்த வரிசையையும், அதைத் தமிழ்ச் சமூகம் எதிர்கொண்ட விதத்தையும் ஆராய முற்படுகிறது.

மேலூரை அடுத்த திருவாதவூரில் திருமறைநாதரும் வேதநாயகியும் கோயில்கொண்டிருக்க, வாதவூரர் அவதரித்த மனை எனக் காட்டப்படும் இடத்தில் அவருக்கும் தனிக் கோயில் உண்டு. ஊரை ஒட்டிய குன்றில் உள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டுகளைக் கொண்டு நோக்கினால், பக்தி இயக்கம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இவ்வட்டாரத்தில் எழுத்து வழங்கியது தெளிவாகும். சங்கப் புலவர் கபிலரும் இவ்வூரினரே என்னும் மரபும் உண்டு. பாண்டியன் அரிமர்த்தனனின் அமைச்சராக இருந்த வாதவூரர் குதிரை வாங்கப் புறப்பட்டுத் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டதும், நரி பரியானதும், வையை பெருகியதும், பிட்டுக்கு மண் சுமந்ததும் மதுரை வட்டாரத்தார்க்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஆவணி மூலத் திருவிழாவுக்கு இவ்வூரிலிருந்து மாணிக்கவாசகர் மதுரைக்கு எழுந்தருளும் வழக்கம் அக்கதையை ஆண்டுதோறும் புதுப்பித்து வருகிறது.

கதையைவிட நூலின் அமைப்பே இங்கு முதன்மையானது. சைவத் திருமுறைகள் பன்னிரண்டனுள் எட்டாவதாக, திருக்கோவையாரோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் திருவாசகம், ஓர் அடியவர் தம் இறைவனிடம் தனிமையில் கசிந்துருகும் நூல் என்றே பொதுவாக அறியப்படுகிறது. திருவாசகத்துக்கு உருகாதவர் வேறெதற்கும் உருகார் என்னும் வழக்கு அந்த எண்ணத்தை மேலும் உறுதிப்படுத்திற்று. ஆனால் நூலின் முற்பாதியில் திருவெம்பாவை தொடங்கித் திருப்பொன்னூசல் வரை பத்துப் பகுதிகள் தொடர்ச்சியாக, பெரும்பாலும் மகளிர் கூடி ஆடும் ஆட்டங்களையும் கூடிச் செய்யும் வேலைகளையும் வடிவமாகக் கொண்டிருக்கின்றன. மார்கழி நீராட ஒருவரையொருவர் எழுப்புதல், காய் எறிந்து பிடிக்கும் அம்மானை, நறுமணப் பொடி இடிக்கும் பொற்சுண்ணம், வண்டை விளித்துப் பாடும் கோத்தும்பி, தெள்ளேணம் கொட்டல், வினாவும் விடையுமாகச் செல்லும் சாழல், பூக்கொய்தல், உந்திபறத்தல், தோணோக்கம், ஊசல் என்று அவை வரிசையாக வருகின்றன. தனிக்குரலின் நூலாகக் கருதப்படும் ஒன்றில் இத்தனை கூட்டுக்குரல்கள் இருப்பது தற்செயல் ஆகாது. தம்மைக் கடையன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், தம் பாட்டை ஊர்ப் பெண்களின் வாயில் வைத்துப் பார்த்திருக்கிறார். இசையமைப்பாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேண்டியதில்லை.

இசைத்தட்டு எந்தச் சந்தையில் வந்து விழுந்தது என்பதையும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். ஒப்பீட்டுக்கு முதலில் இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே 1970-களின் இறுதியில் பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்களைச் சாராமல் இயங்கிய சிறு நிறுவனங்கள் பல தோன்றின. லண்டனின் ரஃப் டிரேட், மான்செஸ்டரின் ஃபேக்டரி ஆகிய இரண்டும் 1978-இல் தம் வெளியீடுகளைத் தொடங்கியவை. இவற்றின் வழியே வந்த ராக் இசை, சுயேச்சை என்னும் பொருள்படும் சொல்லின் சுருக்கமாக 'இண்டி' என்று வழங்கலாயிற்று. ஜாய் டிவிஷன் என்னும் குழுவின் முதல் ஆல்பத்தை ஃபேக்டரி நிறுவனம் 1979-இல் முதற்கட்டமாக 10,000 தட்டுகளே அச்சிட்டது. பின்னாளில் அது ஆங்கில ராக் இசையின் திருப்புமுனைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. ஆல்பம் என்பது உதிரிப் பாடல்களின் தொகுப்பாக நின்றுவிடாமல், முதற்பாட்டிலிருந்து இறுதிப்பாட்டு வரை ஒரு போக்கில் கேட்கப்பட வேண்டிய முழுப்படைப்பு என்னும் எண்ணம் அத்தகைய குழுக்களின் வழியே வலுப்பெற்றது. தமிழ்நாட்டில் அந்த இடம் நெடுங்காலம் வெற்றிடமாகவே கிடந்தது. ஏனெனில் இங்கே பாடல் என்றால் திரைப்பாடல், திரைக்கு வெளியே உள்ளது என்றால் கச்சேரி அல்லது பக்திப் பாடல் கேசட் என்ற பகுப்பு ஊறிப்போயிருந்தது. கதையோ நடிகரோ காட்சியோ துணைக்கு இல்லாமல் ஓர் இசைத்தட்டை ஒரு படைப்பாக மதிப்பிடும் அளவுகோல் 2005-இல் தமிழ் இதழியலிடம் பெரும்பாலும் இல்லை. வரவேற்பில் நேர்ந்த தடுமாற்றங்களுள் பாதிக்கு இதுவே காரணம் எனலாம்.

இளையராஜா 1943-இல் அன்றைய மதுரை மாவட்டத்தின் பகுதியாயிருந்த பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அவருடைய தமையனார் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி ஊர் ஊராகச் சென்றபோது தம்பியரும் உடன்சென்று வாசித்தனர். அதனால் அவருடைய இசைப் பயிற்சியின் முதற்களம் சபாவாகவோ கோயிலாகவோ அமையாமல், கூடியிருந்த மக்களைத் தன்னோடு சேர்த்துப் பாடவைக்கும் தெருமேடையாக அமைந்தது. 1960-களின் இறுதியில் சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றபின், 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் வழியே அவர் அறிமுகமான வரலாறு பலரும் அறிந்தது. திரைக்கு வெளியே 1986-இல் தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட 'ஹவ் டு நேம் இட்', 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு அமைந்த 'நத்திங் பட் விண்ட்' என இரு வாத்திய ஆல்பங்களை அவர் வெளியிட்டார். 1993-இல் லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழு அவர் எழுதிய சிம்பொனியைப் பதிவுசெய்தது தமிழ்நாட்டில் பெரும் செய்தியாயிற்று. ஆனால் அப்பதிவு வெளிவரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த ஒரு சமூகத்தின் முன் 2005-இல் 'திருவாசகம் சிம்பொனியில்' என்ற பெயரோடு ஒரு தட்டு வந்தபோது, மக்கள் கையில் எடுத்தது திருவாசகத்தையா, வராமற்போன அந்தச் சிம்பொனியையா என்பதைப் பிரித்தறிவது எளிதாக இல்லை.

இப்பணியை முன்னெடுத்தவர் கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பர். பொருள் திரட்டியும் வெளியிட்டும் துணைநின்றது அவர் நிறுவிய தமிழ் மையம். வாத்தியப் பகுதிகளை ஹங்கேரியின் தலைநகரில் புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழு வாசித்தது. ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங் வேலையை நியூயார்க்கில் ரிச்சர்ட் கிங் செய்தார். சிவபுராணப் பகுதிக்கு இடையிடையே வரும் ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். மத்தேயு நற்செய்தியை அடிப்படையாகக் கொண்ட 'காட்ஸ்பெல்' இசைநாடகத்தை 1971-இலும், 'விக்கெட்' இசைநாடகத்தை 2003-இலும் அமெரிக்க மேடைக்குத் தந்தவர். மறைநூல் ஒன்றை மேடைப்பாட்டாக மாற்றி அதற்குரிய ஏச்சையும் பாராட்டையும் இளம் வயதிலேயே அனுபவித்த ஒருவரிடம் வாதவூரரின் வாசகம் சென்று சேர்ந்தது பொருத்தமான தேர்வே. ஓர் ஊரில் எழுதி, ஒரு கண்டத்தில் வாசித்து, மற்றொரு கண்டத்தில் கலந்து முடிக்கும் இம்முறை உலகத் திரையிசையில் அப்போதே வழக்கமாகிவிட்டிருந்தது. ஒவ்வொரு வாத்தியக்காரரும் என்ன வாசிக்க வேண்டும் என்பதைக் கோட்டுக் குறியீட்டில் முழுமையாகத் தம் கையாலேயே எழுதித் தரும் பழக்கம் உடையவர் இளையராஜா என்பதால், தமிழ் ஒரு சொல்லும் அறியாத ஹங்கேரியக் கலைஞர்கள் தாளைப் பார்த்து வாசிப்பதில் இடர் நேரவில்லை.

இனி, விவாதத்தின் நடுவில் நின்ற இரண்டு கலைச்சொற்கள். சிம்பொனி என்பது ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் உருப்பெற்ற, பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்ட, வாத்தியங்களுக்கே உரிய நெடும்படைப்பு. ஒரு சிறிய இசைக்கருத்தை எடுத்து, பிரித்து, மோதவிட்டு, வேறு சுருதிகளுக்குக் கொண்டுசென்று மீட்டு வருவதே அதன் வேலை. ஓரட்டோரியோ என்பது சமயப் பொருளைத் தனிக்குரல்கள், கூட்டுக்குரல், வாத்தியக் குழு ஆகிய மூன்றையும் கொண்டு, ஆனால் வேடமும் நடிப்பும் இல்லாமல் நிகழ்த்தும் வடிவம். உரோமையில் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழிபாட்டு மன்றங்களில் முளைவிட்டு, ஹாண்டெலின் 'மெசையா' வழியே உலகறிந்ததாயிற்று. இவ்வரையறைகளின்படி இளையராஜாவின் படைப்பு ஓரட்டோரியோவே. அவரும் அதைச் சிம்பொனிக் ஓரட்டோரியோ என்றே குறிப்பிட்டார். அதேசமயம் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி 1824-லேயே மனிதக் குரலை உள்ளே கொண்டுவந்துவிட்டது. 1910-இல் அரங்கேறிய மாலரின் எட்டாம் சிம்பொனி ஒரு இலத்தீன் துதிப்பாடலையும் கேதேயின் நாடகப் பகுதியையும் முழுக்க முழுக்கப் பாட்டாகவே கொண்டிருக்கிறது. ஆகவே பெயரைக் கொண்டு படைப்பைத் தள்ளியவர்களுக்கும், பெயரைக் கொண்டே அதை உச்சிமேல் வைத்தவர்களுக்கும் ஐரோப்பிய இசை வரலாறு ஒரே அளவு துணைதான் தருகிறது.

பெயர்ச் சண்டையை விட்டுத் தட்டைக் கேட்கத் தொடங்கினால், முதலில் ஒலிப்பது யாத்திரைப்பத்து. நூலில் அது 45-ஆவது பகுதி. காலம் வந்துவிட்டது, பொய்யை விட்டுப் புறப்படுங்கள் என்று அடியவர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் அழைப்பு. அடுத்து நூலின் முதற்பகுதியாகிய சிவபுராணம் வருகிறது. பின்னர் பத்தாவதான திருக்கோத்தும்பி, 37-ஆவதான பிடித்தபத்து, ஒன்பதாவதான திருப்பொற்சுண்ணம், 35-ஆவதான அச்சப்பத்து என்று அது முடிகிறது. பயணத்தின் இறுதிக்கு உரிய பாடலை வாசலில் வைத்து, அதன்பிறகே பிறவிகளின் கதையைச் சொல்லத் தொடங்கும் இந்த வைப்பு, திருவாசகத்தை ஓர் ஆன்மா படிப்படியாக உயரும் ஏணியாகக் கொள்ளும் சைவ உரைமரபிலிருந்து வேறுபடுகிறது. இங்கே முதலில் கூட்டம் கூட்டப்படுகிறது. அதன் பின்னர்தான் அக்கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து தன் கதையைச் சொல்கிறான். பாவலர் வரதராஜனின் மேடைகளில் வளர்ந்த ஒருவர் திருவாசகத்தை இப்படி வாசித்ததில் வியப்பில்லை.

சிவபுராணப் பகுதியே ஆல்பத்தின் நெஞ்சம். ஏறத்தாழ 20 நிமிடம் நீளும் அது, 95 அடிகள் கொண்ட கலிவெண்பாவை வாழ்த்தில் தொடங்காமல், புகழும் வழியறியாத தீவினையேன் என்று கவிஞர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் இருபத்தைந்தாம் அடியில் தொடங்குகிறது. ஓதுவார் நாவிலும் வீட்டு வழிபாட்டிலும் முதலடியின் ஐந்தெழுத்து வாழ்த்தில்லாமல் சிவபுராணம் தொடங்குவது நினைத்தும் பார்க்க இயலாதது. இசையமைப்பாளர் இங்கே வழிபாட்டு ஒழுங்கைவிட நாடக ஒழுங்கை மேலாகக் கருதியிருக்கிறார். புல்லும் பூடும் புழுவும் மரமும் விலங்கும் பறவையும் பாம்பும் கல்லும் மனிதரும் பேயும் எனப் பிறவிகள் அடுக்கப்படும் இடம், எந்த இசையமைப்பாளரையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலிச்சித்திரம் வரையச் சொல்லித் தூண்டும் இடம். அத்தூண்டலுக்கு இளையராஜா பெரிதும் இடங்கொடுக்கவில்லை. பிறவிகளைத் தனித்தனியே வரைந்துகாட்டுவதைவிட அவை ஓய்வின்றி ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் வேகத்தையும் அதனால் உண்டாகும் களைப்பையுமே தாளத்தில் வைத்திருக்கிறார். அடுக்கிய பெயர்களை அல்ல, அடுக்குதலைப் பாட்டாக்கியது என்று இதைச் சொல்லலாம். ஆல்பத்தில் மிக உயர்ந்த இடம் இதுவே என்பது இவ்வுரையின் துணிபு.

ஆங்கிலப் பகுதிகளைப் பற்றி அத்தனை உறுதியாகப் புகழ இயலவில்லை. ஷ்வார்ட்ஸின் வரிகள் தெளிவானவை, பாடுவதற்கு இசைவானவை. குறைபாடுடைய எளிய மனிதன் ஒருவன் புனிதமான ஒன்றை நோக்கிக் கைநீட்டும் வாக்குமூலமாக அவை அமைந்திருக்கின்றன. ஆனால் வாதவூரரின் தன்னிரக்கம் ஊர்ப்பெயர்களோடும் தில்லைக் கூத்தனின் அடையாளங்களோடும் பின்னிப் பிணைந்தது. பெருந்துறை இல்லாமல் அந்தக் கண்ணீர் இல்லை. ஆங்கிலத்தில் அது உலகப் பொதுவான ஆன்மிக ஏக்கமாக இலேசாகிவிடுகிறது. 1900-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தம் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜி.யு. போப், எண்பது வயதில் அப்பணியை முடித்தபோது, தலங்களையும் தத்துவச் சொற்களையும் விடாமல் விரிவான விளக்கங்களோடு ஏற்றிச் சென்றார். அவருடைய செய்யுள்நடை இன்று பழைமைப்பட்டுவிட்டது என்றாலும் சுமை குறையவில்லை. பாட்டுக்கு எழுதுபவருக்கு அத்தகைய அடிக்குறிப்பு வசதி கிடையாது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

திருப்பொற்சுண்ணத்தில் நிலைமை மாறுகிறது. இறைவன் நீராடுவதற்கான வாசனைப் பொடியை உரலில் இட்டு மகளிர் உலக்கை போடும் பாட்டு அது. வேலைக்கும் விழாவுக்கும் இடையில் நிற்கும் தாளம் செய்யுளின் யாப்பிலேயே இருக்கிறது. அன்னக்கிளியின் காலந்தொட்டு நாற்று நடும் பாட்டையும் குலவையையும் திரைக்குள் கொண்டுவந்த செவிக்கு இப்பகுதி கைவந்த கலை. ஐரோப்பிய நரம்புக் கருவிகளும் பெண்குரல்களும் ஒன்றையொன்று விலக்காமல் இங்கே கைகோக்கின்றன. மேற்கத்திய இசையின் இரு அடிப்படைகளான ஹார்மனியும் கவுண்டர்பாயிண்டும் இவ்விடத்தில் தெளிவாக விளங்கும். ஹார்மனி என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் வெவ்வேறு சுரங்கள் சேர்ந்து ஒரு நிறத்தைத் தருவது. கவுண்டர்பாயிண்ட் என்பது தனித்தனியே முழுமையுடைய இரண்டு அல்லது மூன்று மெட்டுகள் ஒருசேர நடப்பது. உரலைச் சுற்றி நிற்கும் பெண்கள் ஒவ்வொருவரும் தத்தம் உலக்கை முறைக்கு ஏற்ப மாறிமாறி இடிப்பதைக் கண்டவர்க்கு இரண்டாவதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அடுத்து வரும் அச்சப்பத்து, எதற்கும் அஞ்சேன், இறைவனை அறியாதாரைக் கண்டால் மட்டுமே அஞ்சுவேன் என்னும் மறுப்புகளின் மாலை. அதை இறுதியில் வைத்ததால் தட்டு உருக்கத்தில் முடியாமல் அறைகூவலில் முடிகிறது. திருவாசகம் என்றாலே கண்ணீர் என்று பழகிய செவிகளுக்கு இம்முடிவு ஏமாற்றமாகப் பட்டிருக்கலாம்.

வரவேற்பில் எழுந்த மறுப்புகளுள் பண் பற்றியது கனமானது. கோயில்களில் திருவாசகம் மோகன இராகத்தில், தாளக்கட்டு இல்லாமல், ஒற்றைக் குரலில் ஓதப்படுவது வழக்கம். ஐந்து சுரங்களே கொண்ட அந்த இராகத்தின் எளிமையில் சொல் முன்னே வரும், இசை பின்னே நிற்கும். தருமபுரம் ப. சுவாமிநாதனின் திருமுறைப் பதிவுகளில் பழகியவர்க்கு நூறு வாத்தியங்கள் சூழ்ந்த திருவாசகம் நெருடலாகவே இருந்திருக்கும். ஒரே நாளில் நூல் முழுவதையும் கூடிப் பாடும் முற்றோதல் மரபில் நிற்பவர்க்கோ, ஆறு பகுதிகளைத் துண்டித்து எடுத்ததே முறையற்றதாகத் தோன்றக்கூடும். இதற்கு வரலாற்று ஆழமும் உண்டு. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடும், 1943-இல் சென்னையில் தொடங்கப்பட்ட தமிழ் இசைச் சங்கமும், 1949 முதல் அச்சங்கம் நடத்திவரும் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களும் திருமுறைப் பண்களைத் தமிழிசையின் உயிர்நாடியாக நிலைநாட்டின; எனவே பண்ணைக் கைவிடுவது மெட்டு மாற்றம் என்ற அளவில் நிற்காமல் உரிமையிழப்பாகவே கேட்கப்பட்டது.

ஆயினும் தேவாரத்துக்கு உள்ளதுபோல் திருவாசகத்துக்குப் பண் வகுப்பு இல்லை. மோகனம் ஓதுவார் வழக்கு தந்த கொடை. நூலோடு பிறந்த கட்டளை எனக் கொள்ள இடமில்லை. அம்மானையும் ஊசலும் சாழலும் முதன்முதலில் பாடப்பட்டபோது அந்தந்த ஆட்டத்துக்குரிய மெட்டுகளே அவற்றுக்கு இருந்திருக்க வேண்டும் என்று கருதுவது தவறாகாது. ஓதுவார் மரபு அம்மெட்டுகளின் பன்மையை ஒரே இராகத்துக்குள் அடக்கி நூலைக் காத்தது; காத்ததற்கு ஈடாக ஒன்றை இழக்கவும் செய்தது. இளையராஜாவின் தட்டு அந்த இழப்பை ஈடுசெய்துவிட்டது என்று சொல்வது மிகை. இழப்பு ஒன்று உண்டு என்பதை அது காதுக்குக் காட்டியது.

கிறித்தவக் குருவொருவர் சைவத் திருமுறைக்கு முன்கை எடுத்ததைப் பற்றிய முணுமுணுப்பில் மறைப்பணியாளர் போப்பைக் கண்ட நாட்டில் புதுமை எதுவும் இல்லை. அதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாத்தியப் பகுதிகள் சில இடங்களில் திரைப்பாட்டின் இடையிசையை நினைவூட்டுகின்றன என்னும் குறையில் மட்டும் உண்மையுண்டு. முப்பது ஆண்டுகள் நொடிக்கணக்கில் அளந்து காட்சிக்கு இசை எழுதிய கை, நீண்ட பரப்பு கிடைத்தபோதும் சிற்சில இடங்களில் பழைய அளவுக்கே திரும்புகிறது. ஒரு கருத்து வளர்வதற்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. சிம்பொனி என்ற பெயரை முன்வைத்து இக்குறையைச் சொன்னவர்கள் சரியான இடத்தைத் தவறான அளவுகோலால் தொட்டார்கள். மறுபுறம், வெளியீட்டு விழாவில் அரசியல் தலைவர் வைகோ ஆற்றிய உரை போன்றவை வாதவூரரின் சொல்வளத்தை ஆயிரக்கணக்கானோரிடம் கொண்டுசேர்த்தன. அவ்வுரையைக் கேட்டு நூலைத் தேடியவர்கள் உண்டென்றால், அதுவும் ஓர் இசைத்தட்டின் விளைவே.

புனித நூலைப் பொதுமேடை ஏற்றுவது பற்றிய கலக்கம் தமிழர்க்கே உரியதன்று. 1742 ஏப்ரலில் டப்ளினில் அரங்கேறிப் பாராட்டப்பட்ட ஹாண்டெலின் 'மெசையா', மறு ஆண்டு லண்டனில் நாடகக் கொட்டகைக்கு வந்தபோது, மறைநூல் வாக்கை நடிகரும் நடிகையரும் பாடலாமா என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பை எண்ணியே விளம்பரத்தில் படைப்பின் பெயரைக் குறிப்பிடாமல் புதிய புனித ஓரட்டோரியோ என்று மட்டும் போட்டார்கள். லண்டனில் அது வேரூன்றியது 1750 முதல் ஆதரவற்ற குழந்தைகளுக்கான காப்பகத்தின் கோயிலில் அறப்பணிக்காக ஆண்டுதோறும் நிகழ்த்தப்பட்ட பிறகே. பதிவு என்ற ஒன்றே இல்லாத காலத்தில், மீண்டும் மீண்டும் பாடப்பட்டதாலும், ஊர்தோறும் இருந்த பாடகர் குழுக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டதாலும் மட்டுமே அது நிலைத்தது.

தமிழ்த் திருவாசகத்தின் பயணம் வேறு விதமானது. 2005-இன் பதிவே பெரும்பாலோருக்கு அப்படைப்பின் ஒரே வடிவம். வீட்டிலும் காரிலும் கைப்பேசியிலும் அது தனித்தனியே கேட்கப்பட்டது, கூடிப் பாடப்பட்டது அரிது. இருபது ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது, 1993 முதல் தொங்கிநின்ற சிம்பொனி பற்றிய வினா ஒருவாறு தீர்ந்தது. வாத்தியங்களுக்கே எழுதப்பட்ட நான்கு பகுதிப் படைப்பு அது என்பதால், திருவாசகத்தின்மேல் சுமத்தப்பட்டிருந்த பெயர்ச்சுமையும் இறங்கியது. அதே ஆண்டு ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில், முதலாம் இராசேந்திரனின் ஆடித் திருவாதிரை விழாவில் பிரதமர் முன்னிலையில் அவர் திருவாசகத்தைப் பாடல்குழுவோடு நிகழ்த்தினார். வெளிவந்த காலத்தில் கோயிலுக்கு ஒவ்வாது என்று சிலர் ஐயுற்ற இசை, சோழர் எழுப்பிய சிவன் கோயில் முன்றிலில் அரசு விழாவாக ஒலித்தது. இதனை முழு ஏற்பு என்று கொள்வதா, அரசியல் அதைத் தன் மேடைக்கு எடுத்துக்கொண்டது என்று கொள்வதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கவே செய்யும். இரண்டும் ஒருசேர நிகழ்ந்தன என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகிறது.

ஒரு குறையை மட்டும் 2005-இன் விமர்சகர் எவரும் போதிய அளவு சுட்டியதாகத் தெரியவில்லை. கூட்டுக்குரலின் நூலாகத் திருவாசகத்தை வாசித்த இளையராஜா, கூட்டுக்குரலுக்கென்றே எழுதப்பட்ட திருச்சாழலை எடுக்காமல் விட்டார். பொடி பூசிப் பாம்பை அணிந்து திரியும் உங்கள் கடவுள் எப்படிப்பட்டவன் என்று ஒரு பெண் இடித்துக் கேட்க, மற்றவள் ஒவ்வொரு பழிப்பையும் புகழாகத் திருப்பி விடையிறுக்கும் இருபது பாடல்கள் அவை. ஈழத்துப் புத்தமத அரசனின் ஊமை மகள் தில்லையில் பேசி விடையளித்ததாக வரும் மரபுக்கதையும் அதனோடு சேர்ந்தது. இரண்டு பாடகர் அணிகளை அரங்கின் இருபுறமும் நிறுத்தி, ஏளனத்தை ஓர் அணிக்கும் விடையை மற்றோர் அணிக்கும் தந்து, ஒவ்வொரு பாட்டின் இறுதியிலும் வரும் விளியில் இரண்டையும் மோதவிட்டால் ஓரட்டோரியோ வடிவம் தமிழில் முழுவலிமை பெற்றிருக்கும். அதைச் செய்வதற்குப் புடாபெஸ்ட் வரை செல்லவும் தேவையில்லை. மேலூரிலோ மதுரையிலோ ஒரு கல்லூரிப் பாடகர் குழுவும், வினாவின் குத்தலைக் குறைக்காமல் பாடத் துணிந்த இருபது பெண்களும் போதும்.